கதவு திறக்கும் கையெழுத்து

ஜனவரி 20

நாத்தனாருக்கு,

'அன்புள்ள' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். முதுமையின் மறதி என்று எண்ணிக்கொள்ளாதே. தொலைபேசியில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நம்மில் ஒருத்தி படக்கென்று வைத்துவிடுகிறோம். ஆகவே காகிதம்.

இம்மாதம் ஒன்பதாம் தேதி, நீ எழுதிய வெளிச்சீட்டுடன் இரண்டு ஆண்கள் நம் பெண்கள் விடுதியின் வாசலுக்கு வந்தார்கள். ஒருவன் விடுதியில் 'வக்கீல்' என்று கூப்பிடும் பெண்ணின் தகப்பன், குவாரியில் கல் உடைப்பவன். மற்றவன் அவனுடைய தம்பி, அதே குவாரியில் மேஸ்திரி. பெண்ணின் தாய் சாகக் கிடக்கிறாள், உடனே அனுப்பவும் என்று நீ எழுதியிருந்தாய். நம் இருவரில் எவள் கையெழுத்திட்டாலும் கதவு திறக்க வேண்டும் என்பது நாம் சண்டை போட்டு ஏற்படுத்திய விதி. திறந்தேன்.

வக்கீல் யார் என்று உனக்கு மறந்திருக்கலாம். நீ இந்த வீட்டை விட்டுப் போன வருடம் பதினொரு வயதில் வந்து சேர்ந்தவள். "எந்திரிக்க மணி அடிக்கிறது சரி. தூங்குறதுக்கு எதுக்கு மணி? தூக்கம் வந்தா வரும், வரலேன்னா மணி என்ன பண்ணும்?" என்று முதல் நாளே கேட்டு அந்தப் பெயரைச் சம்பாதித்தவள். இப்போது பள்ளியின் கடைசி வகுப்பு. மார்ச் பத்தாம் தேதி தேர்வு.

பதினொரு நாளாகத் திரும்பவில்லை. நேற்று அந்தப் பக்கம் போகும் பஸ்ஸின் நடத்துநரை நிறுத்தி விசாரித்தேன். "அந்தம்மாவா? முந்தாநாள்கூட கல்லு சுமந்துக்கிட்டுப் போச்சே. சாகப் போற ஆளு அவ்வளவு வெயிட்டு தூக்குமா?" என்றார். மேஸ்திரியின் முதலாளிக்கு, நாற்பத்தைந்து வயது லாரிக்காரனுக்கு, அவளைக் கட்டிவைக்கப் போவதாகவும் சொன்னார். அந்த லாரிக்காரனின் முதல் மனைவி எப்படிச் செத்தாள் என்று கேட்டேன். நடத்துநர் விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அவளுக்குப் பதினெட்டு நிறைவது மார்ச் மூன்றாம் தேதி. அதுவரை இந்த ஊர்க் காவல் நிலையத்துக்குத் தகப்பன் வைத்ததுதான் சட்டம். அதற்குப் பிறகு அவள் ஒப்பாமல் எவனும் அவளை எங்கும் கொண்டுபோக முடியாது. தேதி அவர்களுக்கும் தெரியும். இன்றிலிருந்து நாற்பத்திரண்டு நாள்.

வெளிச்சீட்டில் நான்கு வரிகள் உண்டு: பெண்ணின் பெயர், அழைத்துப் போகிறவர், காரணம், திரும்பும் தேதி. நீ எழுதியதில் நான்காம் வரி காலி. அதைக் கண்டும் நான் திறந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஏன் திறந்தேன் என்பது உனக்கே தெரியும். நீ ஏன் காலியாக விட்டாய் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

உன் அண்ணி.

ஜனவரி 24

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

நீங்கள் விட்டாலும் நான் போடுவேன். என் கை அப்படிப் பழகிவிட்டது.

உங்கள் கடிதத்தை நின்றபடி படிக்க ஆரம்பித்து உட்கார்ந்து முடித்தேன். அந்தத் தகப்பன் அழுதான், அண்ணி. என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதான். "எம் பொண்டாட்டி கண்ணு மூடறதுக்குள்ள பொண்ணு மூஞ்சியக் காட்டணும்மா. அந்த டீச்சரம்மா கிட்ட போனா சட்டம் பேசுவாங்க. நீங்கதான் மனசு உள்ளவங்கன்னு ஊரே சொல்லுது" என்றான். மனசு உள்ளவள் என்று யாராவது சொல்லி எத்தனை வருடம் ஆயிற்று! என் பல் டாக்டர் மகன் தன் பல் பிடுங்கும் கடைக்குப் போயிருந்தான், மருமகள் எனக்கு என்றைக்குமே அந்தப் பட்டம் தந்ததில்லை.

தம்பிக்காரன் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. நான் எழுத எழுதத் தோளுக்கு மேல் நின்று படித்தான். நான்காம் வரிக்கு வந்ததும், "தேதி எதுக்குங்க? சாவு என்ன நாம சொன்ன நாளுக்கா வரும்?" என்றான். நியாயம்தானே என்று விட்டுவிட்டேன். இதுதான் நீங்கள் கேட்ட பதில்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் ஏன் அழுகிறவனை நம்புகிறவளாக ஆனேன்? ஆறு வருடத்துக்கு முன் அந்த நெட்டைப் பெண்ணின் அண்ணன், அம்மா சாகக் கிடக்கிறாள் என்று வாசலில் நின்று கத்தியதைச் சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் நான். "சீட்டு இல்லை, போ" என்றீர்கள். அவன் குடித்திருந்தான், நான் மறுக்கவில்லை. குடித்தவன் அம்மாவும் சாவாள். அன்று மாலையே செத்தாள். மறுநாள் காலை உங்களுக்குச் செய்தி வந்தும் அந்தப் பெண்ணிடம் வாயைத் திறக்காமல் கணக்குப் பரீட்சைக்கு அனுப்பினீர்கள். பரீட்சை முடிந்து அவள் சிரித்துக்கொண்டே வந்தபின் சொன்னீர்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்ற முகத்தைப் பார்த்துத்தான் நான் பெட்டியைக் கட்டினேன். என் கையெழுத்தும் கதவைத் திறக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

இப்போது அந்தக் கையெழுத்து ஒருத்தியைக் கொண்டுபோய் லாரிக்காரனிடம் விட்டிருக்கிறதா? சொல்லுங்கள். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, பரீட்சை முடியும்வரை வைத்திருக்காதீர்கள்.

நாத்தனார்.

ஜனவரி 31

நாத்தனாருக்கு,

வந்துவிட்டாள். முந்தாநாள் காலை பத்து மணிக்கு முட்டைக்கோஸ் வண்டியில், மூட்டைகளுக்கு நடுவே. காவலாளி கர்னல் (அவருடைய பழைய பட்டாளத்துக் கோட்டு உனக்கு நினைவிருக்கும்) தூக்கிக்கொண்டு வந்தார். நீ பூசி மெழுகாமல் கேட்டிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

இடது முன்கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. முடியைக் கத்தரிக்கோலால் தோலோடு வெட்டியிருக்கிறார்கள்; மண்டையில் நான்கு இடத்தில் சீழ். வலது கணுக்காலில் சங்கிலி அறுத்த வளையம், உள்ளே எலும்பு தெரிகிறது. முதுகில் பெல்ட்டின் கொக்கி பதிந்த இடங்களை மருத்துவர் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். அவருக்குச் சின்ன வயது.

கட்டுப் போடும்போது அவள் அழவில்லை, வாதாடினாள். "ஊசி போடாம கட்ட முடியாதா? முடியாதுன்னா ஏன்னு சொல்லுங்க" என்றாள். பிறகு நான் கேட்டேன்.

"கதவை யார் திறந்தது?"

"அம்மா. சித்தப்பா சட்டையில இருந்து சாவிய எடுத்தாங்க. 'ஓடு, திரும்பிப் பாக்காதே'ன்னாங்க. நான் பாத்தேன்."

"பார்த்தால்?"

"அம்மா அந்த ரூமை மறுபடி பூட்டிட்டு வாசல்ல உக்காந்துட்டாங்க. உள்ள நான் இருக்கற மாதிரி. காவலுக்கு."

அந்தப் பெண்மணியை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாற்பது வருடம் கல்லூரியில் தர்க்கம் கற்பித்த நான், காலி அறையைக் காவல் காத்த அந்த யோசனைக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

காவல் நிலையத்துக்குப் போனேன். ஆய்வாளர் மரியாதையாக நாற்காலி போட்டார். "புகார் வாங்கிக்கறேன் மேடம். ஆனா அப்பன் வந்து கேட்டா பொண்ணைக் குடுத்துத்தான் ஆகணும்."

"கையை உடைத்த அப்பனிடமா?"

"கை உடைஞ்சா என்ன, அப்பன் அப்பன்தானே."

சின்ன வயது மருத்துவர் ஒரு நல்ல காரியம் செய்தார். மார்ச் நான்காம் தேதி வரை நோயாளியை இடம் மாற்றக்கூடாது என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். எலும்புக்கு இவ்வளவு துல்லியமாகத் தேதி எப்படித் தெரியும் என்று ஆய்வாளர் கேட்டாராம். படித்த எலும்பு என்றாராம் மருத்துவர்.

முப்பத்தொரு நாள் இருக்கிறது. அவர்கள் உன்னிடம் மறுபடி வருவார்கள். திறக்கிற சாவி உன்னிடம்தான் இருக்கிறது என்று நினைப்பார்கள். இன்று முதல் உன் கையெழுத்து இந்தக் கதவுக்குச் செல்லாது. இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வாய் என்று தெரியும். எடுத்துக்கொள்.

அண்ணி.

பிப்ரவரி 4

அண்ணி,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மத்தியானம் தம்பிக்காரன் வந்தான். கூட இரண்டு தடியன்கள். அண்ணன்காரன் தெருவில் லாரியிலேயே உட்கார்ந்திருந்தான். வீட்டில் நான் மட்டும்.

இன்னொரு சீட்டு எழுது என்றான். என் கையெழுத்து செல்லாது என்றேன். "செல்லாக் காசா இருந்தா எதுக்கு உனக்கு அந்தக் கை?" என்றான். என் வலது கையைப் பிடித்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தான். காலால் இழுப்பறையை உதைத்து மூடினான். நான்கு முறை. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் "எழுதறியா?" என்று கேட்டான். ரொம்பப் பொறுமையாகக் கேட்டான், அண்ணி. அதைத்தான் மறக்க முடியவில்லை.

எழுதவில்லை. நான் வீரமானவள் இல்லை. இரண்டாவது உதையிலேயே விரல் போய்விட்டது, எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தாலும் பேனா பிடித்திருக்க முடியாது. ஆனாலும் சொல்லவில்லை. அதை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

போகும்போது, "சீட்டு இல்லாமலே தொறக்கத் தெரியும்" என்றான். லாரியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகளை வாசல் பக்கம் விடாதீர்கள். இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன். விடுதித் தொலைபேசிக்கு நேற்றிலிருந்து அடிக்கிறேன், மணியே போகவில்லை. கம்பியை வெட்டிவிட்டார்களா?

நாத்தனார்.

பிப்ரவரி 13
பெண்கள் சிறை, மருத்துவப் பிரிவு

நாத்தனாருக்கு,

உன் கடிதம் ஏழாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு வந்தது. லாரி பத்து மணிக்கு வந்தது. தொலைபேசிக் கம்பியை அவர்கள் முன்பே வெட்டியிருந்தார்கள். அந்த அரை மணி நேரத்தில் முப்பத்தேழு பெண்களை மொட்டை மாடிக்கு ஏற்றிக் கதவைத் தாழிட்டோம். அந்த அரை மணி நேரம் உன் விரல்கள் கொடுத்தது. இதை நான் வேறு விதமாகச் சொல்ல மாட்டேன். நீயும் எதிர்பார்க்க மாட்டாய்.

வக்கீல் மட்டும் விடுதியின் மருத்துவ அறையில் இருந்தாள், காலில் கட்டுடன். மாடி ஏற முடியவில்லை.

லாரி பின்பக்கமாக வந்து வாசல் கதவை இடித்தது. இரண்டாவது இடியில் கதவு கீலோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது. குறுக்கே போடும் இரும்புப் பட்டை உருண்டு என் காலடிக்கு வந்தது. கர்னல் தடியுடன் நடுவில் போய் நின்றார். ஒருவன் கடப்பாரையால் அவர் தாடையில் அடித்தான். பற்கள் தரையில் சிதறிய சத்தம் கேட்டது. விழுந்தும் அந்த மனிதர் அவன் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. முதுகில் ஏறி மிதித்தார்கள். சமையலம்மா அடுப்பிலிருந்த வெந்நீர் அண்டாவை இன்னொருவன் மேல் கவிழ்த்தார். அவன் சட்டையைக் கழற்றினான். சட்டையோடு தோலும் வந்தது. மாடியிலிருந்து பெண்கள் செங்கல்லும் பூந்தொட்டியும் எறிந்தார்கள். குறி மோசம், ஒன்று என் தோளில் விழுந்தது.

மேஸ்திரி மருத்துவ அறைக்குள் போய் அவளை இழுத்துக்கொண்டு வந்தான். எதைப் பிடித்து இழுத்தான் தெரியுமா? மாவுக்கட்டுப் போட்ட கையை. கட்டுக்குள் எலும்பு நகர்ந்ததை அவள் முகத்தில் பார்த்தேன்.

பட்டையை எடுத்து அடித்தேன். முதல் அடி தோளில். அவன் கையை விட்டான், விழுந்தான். கிடந்தபடியே அவள் கணுக்காலைப் பிடித்தான், சங்கிலி அறுத்த அதே இடத்தை. இரண்டாவது அடி தலையில். எங்கே படும் என்று பார்த்துத்தான் அடித்தேன். மூன்றாம் நாள், பத்தாம் தேதி, மருத்துவமனையில் செத்தான்.

மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். தகப்பன் லாரியை விட்டு இறங்கவேயில்லை. அதனால் காவல் நிலையத்தில் 'உடன் வந்தவர்' என்று எழுதி அவனை விட்டுவிட்டார்கள். அவன் இன்னும் சட்டப்படி தகப்பன்.

எனக்கு அமர்த்தியிருக்கும் வழக்கறிஞன் முப்பது வயதுப் பையன். "பயத்துல கண்ண மூடிக்கிட்டு அடிச்சேன்னு சொல்லுங்க பாட்டி, ஜாமீன் நிச்சயம்" என்கிறான். நான் உனக்குப் பாட்டி இல்லை என்றேன்.

நீ விடுதிக்குப் போக வேண்டும். இது வேண்டுகோள். நான் இல்லாத இடத்தில் யாருமில்லை என்று கண்டால் மூடிவிடுவார்கள்; முப்பத்தெட்டுப் பெண்களும் அவரவர் சித்தப்பன்களிடம் போவார்கள். அரிசி அறைச் சாவி சமையலம்மாவிடம். காலை ஐந்துக்கு மணி. இரவு மணி வேண்டாம். அதை ஆறு வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டேன், அவள் சொன்னதில் தர்க்கம் இருந்தது.

பதினெட்டு நாள். கதவைச் சீக்கிரம் போடச் சொல்.

அண்ணி.

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

நான் சொல்ல வக்கீல் எழுதுகிறாள். அவளுக்கு வலது கை இருக்கிறது, எனக்கு இடது கை. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுப் பெண்பிள்ளை. (நான் ஏற்கெனவே முழுசுதான் என்கிறேன், அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. — வக்கீல்)

வந்து மூன்று நாள் ஆகிறது. கம்பிக் கதவு போட்டாயிற்று. வெல்டிங்காரர் "அம்மா, ஜெயிலுக்குக்கூட இவ்வளவு தடியா கம்பி போடறதில்ல" என்றார். நீங்கள் உண்மையைச் சொல்லலாம், அங்கே எவ்வளவு தடி? கர்னல் தாடையைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். கஞ்சியை உறிஞ்சிக் குடித்துவிட்டு வாசலிலேயே படுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் தடியைக் காட்டுகிறார்.

சமையலம்மாவுக்கும் எனக்கும் சரிப்படவில்லை. "பெரியம்மா இருந்தா இப்படி ரெண்டாவது தடவை போடச் சொல்ல மாட்டாங்க" என்று கரண்டியால் தட்டுகிறார். வளரும் பிள்ளைகள், இரண்டாவது தடவை கேட்டால் போட வேண்டும் என்றேன். கேட்காத பிள்ளைகளுக்கும் போடுகிறேன் என்று புகார். (உண்மை. — வக்கீல்)

தினமும் மாடியில் பாடம் நடக்கிறது. பள்ளிக்கு அனுப்பப் பயமாக இருப்பதால் ஆசிரியை இங்கே வருகிறார். வக்கீல் தன் அம்மாவைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. நான் அழுதால், "அத்தை, கடிதம் நனையுது, தள்ளி உக்காருங்க" என்கிறாள். இன்னும் பன்னிரண்டு நாள் என்று சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறாள்.

*இனி என் இடது கை. அவளை வெளியே அனுப்பிவிட்டேன்.*

அண்ணி, கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன் என்று சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு பொய். நான் ஆயுள் முழுக்க எத்தனை சொல்லியிருக்கிறேன், எதுவும் ஆகவில்லை. நீங்கள் உள்ளேயே இருந்தால் இந்த வீட்டை நான் எத்தனை நாள் தாங்குவேன்? உங்கள் நேர்மைக்கு இவர்கள் விலை கொடுக்க வேண்டுமா?

நாத்தனார்.

பிப்ரவரி 23

நாத்தனாருக்கு,

இங்கே கம்பி மெல்லியது, வெல்டிங்காரரிடம் சொல். என் பக்கத்துப் பாயில் கணவனுக்கு விஷம் வைத்தவள் படுத்திருக்கிறாள். அமைதியானவள், பாத்திரத்தைப் பளபளவென்று தேய்க்கிறாள். எதிர்ப்பாயில் இருப்பவள் நேற்று ஒரு தட்டை உடைத்து இன்னொருத்தியின் கன்னத்தைக் கிழித்தாள். சண்டை ஜன்னலோர இடத்துக்காக. என் வயதை உத்தேசித்து இப்போது அந்த இடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தரையில் ரத்தம் இன்னும் சரியாகப் போகவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: சொல்ல மாட்டேன். நேர்மைக்காக இல்லை, அந்த அளவுக்கு நான் நல்லவள் என்று நீ நினைத்தால் ஆறு வருடம் விலகி இருந்திருக்க மாட்டாய். ஒரு கிழவி பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசினாள், அது தற்செயலாக அவன் தலையில் பட்டது என்று தீர்ப்பில் எழுதினால், அடுத்து லாரியில் வருகிறவன் என்ன நினைப்பான்? கிழவிகள் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்று நினைப்பான். கண் திறந்திருந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பெண்ணின் காலை அவன் விடாதபோது அடித்தேன், விட்டிருந்தால் அடித்திருக்க மாட்டேன். இதைத்தான் சொல்லப் போகிறேன். போதுமா போதாதா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்ளட்டும். அதற்குத்தான் அவரை அந்த உயரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. நெட்டைப் பெண் விஷயத்தில் நீ இரண்டு குற்றங்களை ஒன்றாகக் கட்டி என் மேல் வீசிக்கொண்டிருக்கிறாய். பிரித்துப் பார். சீட்டில்லாமல் குடித்து வந்தவனுக்குக் கதவைத் திறக்காதது சரி. இன்றும் திறக்க மாட்டேன். செய்தியை அவளிடம் மறைத்துத் தேர்வுக்கு அனுப்பியது தவறு. அவள் அம்மா செத்ததைத் தெரிந்துகொண்டு எழுதுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவள் அவள், நான் இல்லை. இதை ஒப்புக்கொள்ள ஆறு வருடம் ஆயிற்று. நீ வீட்டிலேயே இருந்து தினமும் குத்திக்காட்டியிருந்தால் இரண்டு வருடத்தில் முடிந்திருக்கும்.

எட்டு நாள். தகப்பன் வருவான். கதவு திறக்கக் கூடாது.

அண்ணி.

மார்ச் 2

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

முழுக்க இடது கைதான். இதை அவளை எழுதச் சொல்ல முடியாது.

நேற்றுக் காலை ஏழரை மணிக்குத் தகப்பன் வந்தான். தனியாக, நடந்து. கம்பிக்கு வெளியே நின்றான்.

"அம்மா, நீங்க நம்ப மாட்டீங்க."

"நம்ப மாட்டேன்."

"எம் பொண்டாட்டி போயிட்டா. பொண்ண அனுப்புங்க."

இந்த முறை அவன் அழவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. கதவைத் திறக்கவில்லை. உள்ளே போய் அவளிடம் சொன்னேன். "உங்க அம்மா இறந்துட்டாங்கன்னு உங்கப்பா வந்து நிக்கறார். நெஜமா பொய்யான்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியணும்னு சொல்றேன்." அவள் மாவுக்கட்டை நோட்டின் மேல் பாரமாக வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டிருந்த கணக்கை முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள். நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எப்போ?" என்றாள்.

"நேத்து."

"எங்க?"

"பெரிய ஆஸ்பத்திரியில."

"ஆஸ்பத்திரிச் சீட்டு குடுத்திருப்பாங்களே. குடுங்க."

மடித்து வைத்திருந்த காகிதத்தைக் கம்பி வழியாக நீட்டினான். பெண் வருவதற்கு அதுதான் ஆதாரம் என்று கொண்டுவந்திருந்தான் போல. அவனுக்குப் படிக்கத் தெரியாது, அண்ணி. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கொடுத்தான். அவள் இரண்டு முறை படித்தாள்.

"மாடிப்படியில இருந்து விழுந்துட்டாங்கன்னு போட்டிருக்கு. யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

"நம்ம வீட்டுல மாடி எங்கப்பா இருக்கு?"

அவன் சீட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான்.

"சேர்த்த தேதி இருபத்தாறு. சித்தப்பா செத்துப் பதினாறு நாள் ஆச்சு. அப்போ அவர் அடிக்கல. லாரிக்காரரு கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம வீட்டுக்குள்ள வரமாட்டார். வேற யாருப்பா அந்த வீட்டுல இருக்காங்க?"

"என் தம்பி செத்தது அவளாலதான்டி! சாவிய எடுத்து உன்னத் தொறந்து விட்டாளே, அவ தொறக்காம இருந்தா அவன் இன்னிக்கு..." என்று சொல்லிக்கொண்டே கம்பிக்குள் கையை விட்டு அவள் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தான். நெற்றி கம்பியில் மோதியது. மறுபடி இழுத்தான். மறுபடி. பழுத்த பூசணி விழுகிற மாதிரிச் சத்தம். கர்னலால் வாயைத் திறந்து கத்த முடியாது. தடியால் அவன் முழங்கையில் அடித்தார். கை விடவில்லை. நான் குனிந்து அவன் விரலைக் கடித்தேன். எனக்கு மிச்சமிருக்கும் பல் எத்தனை என்று என் மகனைக் கேளுங்கள். அத்தனையும் இறங்கும்வரை கடித்தேன். எலும்பு தட்டுப்பட்டது. அவன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான். வாயில் இன்னும் அந்த உப்பு இருக்கிறது.

அவள் முகமெல்லாம் ரத்தம். காகிதத்தை மட்டும் முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தாள், ஒரு சொட்டுப் படாமல்.

சமையலம்மா ஓடிப்போய் ஆய்வாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதே ஆள்தான். சீட்டைப் படித்தார், தகப்பனைப் பார்த்தார், அவள் நெற்றியைப் பார்த்தார். "அப்பன் அப்பன்தானே" என்று இந்த முறை சொல்லவில்லை. அவன் இப்போது நிலையத்தில் இருக்கிறான். அவளைக் கேட்க இனி யாரும் வர முடியாது என்று ஆய்வாளரே சொன்னார். நாளைக்கு மூன்றாம் தேதி. நீங்கள் நீதிபதியிடம் உங்கள் இஷ்டப்படி சொல்லுங்கள். நான் இனிமேல் கேட்க மாட்டேன்.

அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். உங்களிடம் கேட்காமல் அனுப்பினேன், நானும் கூடப் போனேன். ஆய்வாளரின் வண்டியில் போனோம். நெற்றியில் ஐந்து தையல் போட்ட கையோடு பிணவறைக்குள் வந்தாள். உள்ளே குளிர், மருந்து வாடை. அந்த அம்மாவை ஒரு கிழிந்த துணியால் மூடியிருந்தார்கள். ஆய்வாளர் முகத்தை மட்டும் விலக்கிப் பார்த்து, 'தலையில் காயம்' என்று ஒரு வரி எழுதிப் பேனாவை மூடப் போனார்.

"ஒவ்வொண்ணா எழுதுங்க சார்" என்றாள்.

துணியை அவளே எடுத்தாள். விரலை வைத்துக் காட்டிச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இடது காதுக்கு மேலே, நீளம் மூன்று விரல். தாடை. கழுத்தில் கட்டைவிரல் தடம், இரண்டு. வலது மணிக்கட்டு, முறிவு. ஒரு இடத்தில் அவர் 'சிராய்ப்பு' என்று எழுதியதை எட்டிப் பார்த்து, "சிராய்ப்பு இல்ல சார், கொக்கி. எங்கிட்டயும் இருக்கு, வேணும்னா ஒப்பிட்டுப் பாருங்க" என்றாள். அவர் அடித்துவிட்டு மாற்றி எழுதினார். விலா எலும்பு வரைக்கும் வந்தபோது அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அதுவரை பதினொரு காயம் ஆகியிருந்தது.

"அவ்வளவுதானேம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார். திருப்பிப் போடுங்க. முதுகு இன்னும் பாக்கல."

நாத்தனார்.